உங்கட கேள்வி, எங்கட பதில்: மரக்கூரையில கீறின சாமிப்படங்கள்

போன இதழ்ல நோர்வேயில இருக்கிற பழைய மரக்கோயில்கள், அதாவது மரத்தால கட்டின கிறிஸ்தவ தேவாலயங்களப் பத்தி நாலு வரி எழுதினது ஞாபகம் இருக்கும், அதுக்குப் பிறகு வந்த கடிதத்தில பாதிக்கு மேல அதப் பத்தித்தான். எங்கட திருக்கோணமலையில வீட்டுக்கு வீடு ஆரோ ஒரு சொந்தம் நோர்வேயில இருக்கிறதால இது ஆச்சரியமில்ல. அதனால இந்த மாசம் வேற கேள்வி ஒண்டும் எடுக்கல, முழுப் பக்கமும் இதுக்குத்தான்.

கேள்வி: மகன் ஒஸ்லோவில இருக்கிறான். அங்க ஒரு மியூசியத்தில பார்த்ததெண்டு வாட்ஸ்அப்பில போட்டோ அனுப்பினவன். பலகையால வளைச்சுக் கட்டின ஒரு கூரை, உள்பக்கம் முழுக்க யேசுட பாடுகளும் உலகத்தப் படைச்ச கதையும். கோயில் இல்லையாம், கூரை மட்டும்தானாம். ஏன் அப்பிடி?
— உப்புவெளி வாசகி ஒருத்தர்

பதில்: அக்கா, மகன் பார்த்தது ஓல் எண்ட ஊர்க் கோயிலிண்ட கூரை. ஹல்லிங்டால் எண்ட பள்ளத்தாக்கில இருக்கிற ஊர் அது. 13ஆம் நூற்றாண்டில கீறின படம், பைன் மரப் பலகைய வளைவா அடிச்சு அதுக்கு மேல வர்ணம் பூசினது. உலகம் படைக்கிறதில தொடங்கி கடைசி இராப்போசனம், சிலுவைப்பாடு வரைக்கும் கட்டம் கட்டமாப் போகும். பூசைக்கு வந்து நிக்கிற ஆக்கள் தலைய நிமித்தினா கதை மேல ஓடும், அப்பிடித்தான் வச்சவங்க. இந்த மரக்கோயில்களில பெரிய ஜன்னல் ஒண்டும் இல்ல, சுவரிண்ட உச்சியில சின்னச் சின்ன வட்ட ஓட்டைதான், மற்றதெல்லாம் மெழுகுதிரி வெளிச்சம். அந்த இருட்டுக்குள்ள சிவப்பும் மஞ்சளும் மினுங்கினத மியூசியத்து மின்சார வெளிச்சத்தில பார்க்கிற எங்களால அரைவாசிதான் உணரலாம் எண்டு நினைக்கிறன்.

கோயில் எங்க போச்சுது எண்டுதானே கேட்டீங்க. 1880இல இடிச்சுப் போட்டாங்க. எதிரி வந்து இடிக்கல, ஊர்ச் சனமே இடிச்சது. 1851இல நோர்வேயில ஒரு சட்டம் வந்திச்சு, ஒரு கோயிலுக்குரிய ஊர்ப்பகுதியில இருக்கிற சனத்தொகையில பத்தில மூண்டு பங்குக்காவது கோயிலுக்குள்ள இடம் இருக்கவேணும் எண்டு. பழைய மரக்கோயில் எல்லாம் சின்னது, சனம் குறைவா இருந்த காலத்தில கட்டினது, சனம் பெருகினாப் பிறகு போதாது. அதால ஊர் ஊரா இடிச்சு புதுசு கட்டினாங்க. ஓல் கோயில் போகேக்க அந்தப் பலகைகள மட்டும் ஆரோ புத்தியுள்ள ஆக்கள் எடுத்து வச்சதாலதான் உங்கட மகன் இண்டைக்கு போட்டோ எடுத்திருக்கிறான்.

அதே பள்ளத்தாக்கில, ஓலுக்குப் பக்கத்தில, தொர்ப்போ எண்டு ஒரு ஊர். அங்கயும் இதே கதைதான் நடந்திருக்கவேணும், ஆனா 1880இல பலிபீடம் இருந்த பகுதிய இடிச்சுப்போட்டு மிச்சத்த விட்டிட்டாங்க. மிச்சத்தில படம் இருக்கு, அதுவும் இருந்த இடத்திலயே. யேசுவச் சுத்தி அப்போஸ்தலர்மார் இருக்கினம், கீழ புனித மார்கரீத்தம்மாட கதை. அந்தப் பிள்ளைய அதிகாரி ஒருத்தன் பிடிச்சு மறியல்ல போட, அங்க ஒரு பறவைநாகம் (டிராகன்) வந்து விழுங்க, அவ அதிண்ட வயித்தப் பிளந்துகொண்டு வெளியில வாற கதை. பிள்ளைப்பேறு நேரத்தில பொம்பிளையள் நேர்த்தி வைக்கிறது இந்த அம்மாவுக்குத்தான், வயித்தால சுகமா வெளிய வந்தவ எண்டதால. குளிர் காலத்தில பக்கத்து வீட்டுக்கே போக ஏலாத ஒரு மலை ஊரில, வயித்தில பிள்ளையோட ஒரு பொம்பிளை அந்தக் கூரைய அண்ணாந்து பார்த்து என்ன கேட்டிருப்பா எண்டு யோசிச்சா எனக்கு அந்தப் படம் வேற மாதிரித் தெரியுது.

கேள்வி: நான் தச்சுவேலை செய்யிற ஆள். இஞ்ச ஜன்னல் நிலைய பத்து வருஷத்தில கறையான் திண்டு முடிச்சிடுது. 800 வருஷம் மரம் நிக்குதெண்டா அது என்ன மரம்?
— கிண்ணியா

பதில்: நானா, முதல் விஷயம் அங்க கறையான் இல்ல. ரெண்டாவது குளிர். ஆனா அது மட்டும் காரணமெண்டு சொன்னா அந்தத் தச்சர்மாருக்கு அநியாயம். அவங்கட முதல் கோயில்கள் தூண நேரா மண்ணுக்குள்ள நட்டுக் கட்டினது, அதெல்லாம் அடி உக்கி விழுந்திட்டுது, ஒண்டும் மிஞ்சல. பிறகுதான் கல்ல அடுக்கி, கல்லுக்கு மேல கனத்த சட்டத்த சதுரமாப் போட்டு, அந்தச் சட்டத்துக்கு மேல தூண நிறுத்தினாங்க. மரம் மண்ணத் தொடாது, ஈரம் ஏறாது. நிமிந்து நிக்கிற அந்தத் தூணுக்கு அவங்கட பாஷையில 'ஸ்டாவ்', அதில இருந்துதான் இந்தக் கோயில்களுக்கே 'ஸ்டாவ்' கோயில் எண்டு பேர். மரம் பைன், அதிலயும் வைரம் பாய்ஞ்ச நடுப்பகுதி, பிசின் ஊறினது. வெளிப்பக்கத்துக்கு பைன் மரத்தக் கருக்கி எடுக்கிற கீல், எங்கட ஆக்கள் வள்ளத்துக்குப் பூசினமாதிரி, சில வருஷத்துக்கு ஒருக்கா பூசிக்கொண்டே இருக்கவேணும், அந்தக் கறுப்பும் வாசமும் அதால வாறதுதான். ஊர்னெஸ் எண்ட கோயில் 1130 அளவில வெட்டின மரம், இண்டைக்கும் நிக்குது, 1979இல உலக மரபுரிமைப் பட்டியல்லயும் சேர்ந்திட்டுது.

கேள்வி: நான் சித்திரம் படிக்கிற மாணவி. அந்தக் காலத்தில அவங்களுக்கு வர்ணம் எங்கால கிடைச்சது? எங்கட சேர் எண்ணெய் வர்ணம் கண்டுபிடிச்சது வான் ஐக் எண்டு சொன்னவர், இதுகளும் எண்ணெய் வர்ணமா?
— திருக்கோணமலை நகரம்

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தனான்.

வான் ஐக் 15ஆம் நூற்றாண்டு ஓவியர். எண்ணெய் வர்ணத்த அவர்தான் கண்டுபிடிச்சவர் எண்டு ஒரு கதை கனகாலமா நடக்குது, ஆனா அதுக்கு நூறு நூத்தைம்பது வருஷத்துக்கு முதலே நோர்வேக்காரர் எண்ணெயில கீறிக்கொண்டிருந்தவங்க. பலிபீடத்துக்கு முன்பக்கம் மறைக்கிற ஒரு பலகை உண்டு, பணக்காரக் கோயிலெண்டா அதப் பொன்னாலயோ பட்டாலயோ செய்வாங்க, நோர்வேயில பலகையில படம் கீறி வச்சவங்க. அப்பிடி முப்பது அளவில மிஞ்சிக் கிடக்கு, கூடுதலா 1250க்கும் 1350க்கும் இடையில செய்தது, நிறைய பேர்கனிலயும் ஒஸ்லோவிலயும் இருக்கிற மியூசியங்களில. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில ஊன் பிளாட்டர் எண்ட அம்மா வருஷக்கணக்கா இந்தப் பலகைகள மைக்ரோஸ்கோப்பில வச்சு ஆராய்ஞ்சவ. வர்ணத்தக் குழைச்சது ஆளி விதை எண்ணெயிலதான் எண்டு அந்த ஆராய்ச்சியால உறுதியாத் தெரிஞ்சுது.

எப்பிடிச் செய்தாங்க எண்டத கவனமா வாசியுங்க, உங்களுக்கு உதவும். முதல்ல பலகைய இழைச்சு, மிருகத் தோலக் காய்ச்சி எடுத்த பசையில வெள்ளைச் சோக்குத் தூளக் கலந்து, மெல்லிசாப் பூசி, காயவிட்டு, திரும்பப் பூசி, தேய்ச்சு மினுக்கி எடுக்கிறது. அதுக்கு மேல கோட்டுப்படம். பிறகு பொன் வேண்டிய இடத்தில வெள்ளித் தகடு ஒட்டுறது. ஓம், வெள்ளி, பொன் இல்ல. வெள்ளிக்கு மேல மஞ்சள் வார்னிஷ் ஒண்டு பூசினா கொஞ்சம் தள்ளி நிண்டு பார்க்கிறவைக்கு தங்கம்தான். காசில்லாத நாட்டுக் கைவேலைக்காரர் கண்ட வழி அது. எனக்கு அதில ஏமாத்து ஒண்டும் தெரியேல்ல, மெழுகுதிரி வெளிச்சத்தில அது எப்பிடித் தெரியும் எண்டு கணக்குப் போட்டுச் செய்த வேலை அது.

வர்ணத்தில சிலதுக்கு எங்கட பாஷையிலயே பழைய பேர் இருக்கு. சிவப்புக்கு ஜாதிலிங்கம், அதே பாதரசச் சிவப்புத்தான். வெள்ளைக்கு ஈயவெள்ளை. மஞ்சளுக்கு அரிதாரம். கூத்துக்கு முகத்தில பூசுறதுக்கு எங்கட அண்ணாவிமார் சொல்ற அதே சொல்லு, அதிண்ட மூலம் இந்த மஞ்சள் கல்லுத்தான், நச்சுக் கல்லு. பச்சைக்கு செம்புக் களிம்பு. கறுப்புக்குக் கரி. இதில கரிதான் ஊருக்குள்ள எடுக்கலாம், ஜாதிலிங்கமும் நீல வர்ணத்துக்கு அரைக்கிற கல்லும் கப்பல்ல வரவேணும். எங்க வந்திறங்கும்? பேர்கன். எங்கட மாதிரி ஒரு இயற்கைத் துறைமுகம், மலை சுத்தி நிக்கும். அங்க இருந்து வெளிய போன பெரிய சாமான் என்ன தெரியுமோ, கருவாடு. உப்புப் போடாம காத்தில காயவச்ச கொட் மீன். கருவாடு ஏத்திப் போன கப்பல்கள் வந்து போன அந்தத் துறையாலதான் வெளிநாட்டுச் சாமானும் இறங்கினது. இங்கிலாந்து, பிரான்ஸ் பக்கத்துப் பாணியும் அப்பிடித்தான் வந்து சேந்தது, நீட்டு விரல், வளைஞ்சு நிக்கிற உடம்பு, மெல்லிசா மடியிற உடுப்பு, எல்லாம் அங்கத்தைய சாயல்.

உங்கட சேரோட சண்டை பிடிக்கவேண்டாம். வான் ஐக் எண்ணெய்ய வச்சுச் செய்த வேலை பெரிய வேலை, அதில மாற்றமில்ல. கண்டுபிடிச்சவர் எண்ட சொல்லு மட்டும்தான் பிழை.

கேள்வி: எல்லா மரக்கோயில்லயும் இப்பிடிப் பழைய படம் இருக்கா? நாங்க அடுத்த வருஷம் போறம்.
— நிலாவெளி

பதில்: இல்ல. நோர்வேயில ஒரு காலத்தில ஆயிரத்துக்கு மேல மரக்கோயில் இருந்ததெண்டு கணக்குப் போடுறாங்க, இப்ப மிஞ்சினது 28. அதில கனக்கக் கோயில்ல நீங்க பாக்கிற பூவேலையும் படமும் 17ஆம் 18ஆம் நூற்றாண்டில பூசினது, வடிவுதான், ஆனா நடுக்காலம் இல்ல. வெளியால பாக்கப் பேர்போன போர்குண்ட் கோயிலுக்குள்ள போனா படம் எண்டு பெரிசா ஒண்டும் இல்ல, மரமும் செதுக்கலும்தான். படத்துக்கெண்டு போறவை தொர்ப்போவுக்கும் ஹொப்பர்ஸ்டாட்டுக்கும் போகவேணும். ஹொப்பர்ஸ்டாட்டில ஒரு பக்கப் பலிபீடத்துக்கு மேல மரத்தில ஒரு சின்ன மண்டபம் மாதிரி நிக்கும், அதிண்ட உள்கூரையில யேசு பிறந்த கதை, 1300 அளவில கீறினது. அந்தக் கோயிலும் இடிபடப் போனதுதான், 1880களில பீட்டர் பிளிக்ஸ் எண்ட கட்டடக் கலைஞர் முன்னுக்கு நிண்டு காப்பாத்தித் திருத்தினவர்.

கேள்வி: புனித முடியப்பர் (ஸ்தேவான்) கல்லெறிஞ்சு கொல்லப்பட்ட வேதசாட்சி. சுவீடன்ல ஒரு கோயில்ல அவர ஏரோது ராசாட குதிரைக்காரனாக் கீறியிருக்கெண்டு மருமகள் சொல்றா. இது என்ன அபத்தம்?
— பாலையூற்று

பதில்: ஐயா, மருமகள் சொன்னது சரி. டேடெஷோ எண்ட ஊர்ப் பழைய கோயில். அது கல்லுச்சுவர்க் கோயில், ஆனா கூரை மரப்பலகை. அந்தப் பலகையில வட்டம் வட்டமா 13ஆம் நூற்றாண்டுப் படங்கள் இருக்கு. அதுக்குள்ள முடியப்பர் ஏரோது ராசாட குதிரைய தண்ணிக்குக் கொண்டுபோறார், வானத்தில நட்சத்திரத்தக் காணுறார், திரும்பி வந்து ராசாவிட்ட 'உன்னவிடப் பெரிய ராசா பிறந்திட்டார்' எண்டு சொல்றார். ராசா சாப்பாட்டு மேசையில இருந்துகொண்டு, இந்தத் தட்டில கிடக்கிற பொரிச்ச சேவல் எழும்பிக் கூவினா நம்புறன் எண்டு சொல்ல, சேவல் எழும்பிக் கூவுது.

வேதாகமத்தில இது இல்ல, நீங்க சொன்ன முடியப்பர்தான் அங்க இருக்கிறார். ஆனா அந்த வடக்கு நாடுகளில முடியப்பர் திருநாள் மார்கழி 26, நத்தாருக்கு அடுத்த நாள். மாரியில தொழுவத்தில குதிரையோட கிடந்து சீவிச்ச சனம் அவரத் தங்களில ஒருத்தரா எடுத்திட்டுது. அபத்தமெண்டு எனக்குச் சொல்ல மனம் வருதில்ல ஐயா. எங்கட மாதா கூட்டுக்குள்ள சேலையோட நிக்கிறத பெத்லகேம் ஆக்கள் பார்த்தா என்ன சொல்லுவாங்க?

இன்னொரு விஷயம். அந்தக் கூரை எப்பிடித் தப்பினது எண்டா, 1790களில ஊருக்குப் புதுக்கோயில் கட்டினாப் பிறகு பழசு களஞ்சிய அறையாப் போயிட்டுது. ஒருத்தரும் அதத் திருத்தவோ வடிவாக்கவோ நினைக்கல. அதால படம் அப்பிடியே கிடந்திச்சு.

கேள்வி: எரிஞ்சுபோன கோயிலத் திரும்பக் கட்டினா அது அதே கோயிலா? உங்கட கட்டுரையில சுவீடன்ல ஒண்டு எரிஞ்சதெண்டு ஒரு வரியோட விட்டிட்டீங்க.
— மூதூர்

பதில்: சோட்ரா ரோடா எண்ட கோயில். 14ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தில மரத்த ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிக் கட்டினது. பலிபீடப் பக்கத்துக்கு 1323இல படம் கீறினாங்க, சனம் நிக்கிற பக்கத்துக்கு 1494இல, அத அமுண்ட் எண்ட ஓவியர் கீறினவர். ரெண்டு காலம், ரெண்டு கை, ஒரே கூரைக்குக் கீழ, நீங்க நாலடி நடந்தா 170 வருஷத்தக் கடக்கலாம். 2001 கார்த்திகை மாசம் ஒருத்தன் வேணுமெண்டே நெருப்பு வச்சான். ஒரு இரவில முழுக்கப் போச்சுது, மிஞ்சினது சாம்பலும் கல்லும்.

2007இல இருந்து அதே இடத்தில திரும்பக் கட்டத் தொடங்கினாங்க. மெஷினால இல்ல, பழைய கோடாலி எப்பிடி மரத்தில பட்டது, எந்த மாதிரி மரத்தத் தெரிஞ்செடுத்தாங்க எண்டு ஒவ்வொண்டாப் படிச்சு, கையால. இதெல்லாம் ஏலுமாயிருந்ததுக்குக் காரணம் எரியிறதுக்கு முதலே அந்தக் கோயில ஆக்கள் அளந்து, வரைஞ்சு, படங்கள போட்டோ எடுத்து வச்சிருந்தவங்க.

அதே கோயிலா எண்டு கேட்டா, இல்ல. 1323இல ஒருத்தன் தூரிகைய இழுத்த அந்தக் கோடு போனது போனதுதான். ஆனா அந்தத் தச்சுக் கை திரும்ப வந்திருக்கு, அது சின்ன விஷயமில்ல. எங்கட கோணேசர் கோயில நினைச்சுப் பாருங்கோ. 1620களில போர்த்துக்கேயர் இடிச்சு அந்தக் கல்லெடுத்துக் கோட்டை கட்டினாங்க, இண்டைக்கு நாங்க கும்பிடுற கோயில் பிறகு கட்டினது. பழைய கோயிலுக்குள்ள என்ன வர்ணம் இருந்தது, கூரை எப்பிடி இருந்தது, ஒரு வரைபடம் இருந்தா நாங்க என்ன குடுக்கமாட்டம்?

கேள்வி: எங்கட கோயில்ல ஒரு பழைய மரக்குதிரை வாகனம் இருக்கு, வர்ணம் உதிருது. கும்பாபிஷேகத்துக்கு முதல் சுரண்டிப்போட்டு எனாமல் அடிப்பம் எண்டு சபையில முடிவு. நான் ஒராள் மட்டும் வேண்டாமெண்டு நிக்கிறன். நான் சரியோ பிழையோ?
— கோயில் பேர் போடவேண்டாமாம்

பதில்: தம்பி, நீங்க சரி. உடன போய்ச் சொல்லுங்க, இந்தப் பக்கத்தக் காட்டுங்க.

எனக்கு பத்து வயசிருக்கேக்க எங்கட ஊர்க் கோயில் ஒண்டில மரத்தில செய்த ஒரு பழைய திருவாசி இருந்திச்சு, அதில யாளிட கண்ணுக்கு ஒரு சிவப்பு இருந்தது, அந்தச் சிவப்ப நான் பிறகு ஒரு இடத்திலயும் காணல. ஒரு நாள் போய்ப் பார்க்க நாலு பெடியள் உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சுக்கொண்டு நிக்கிறாங்க, கீழ தூள் கிடக்கு, சிவப்பும் பச்சையும் கலந்து. ஆரும் கெட்ட எண்ணத்தில செய்யல, பக்தியிலதான் செய்தவங்க. அடுத்த கிழமை அது பளபளவெண்டு நிண்டுது, பஸ்ஸுக்கு அடிக்கிற மாதிரி மஞ்சள். நான் நோர்வேப் படங்களப் பத்தி இவ்வளவு வாசிக்கிறதுக்கு அந்தத் தூள்தான் காரணமெண்டு சொன்னா நம்புவீங்களோ தெரியாது.

வர்ணப் படை எண்டது ஒரு மில்லிமீற்றரும் இல்லாத தடிப்பு. அதுக்குள்ளதான் கோட்டுப்படம், தகடு, பூச்சு, எந்தக் கல்ல அரைச்சான் எண்ட விபரம் எல்லாம் கிடக்கு. ஊன் பிளாட்டர் அம்மா கண்டதெல்லாம் அந்தப் படைய ஒருத்தரும் சுரண்டாததாலதான். அங்க பழைய படம் உதிரத் தொடங்கினா என்ன செய்வாங்க எண்டா, கழண்டு நிக்கிற துண்டுகள மெல்லிய பசை விட்டுத் திரும்ப ஒட்டுவாங்க, அதுக்குப் பாவிக்கிற ஒரு பசை ஸ்ரேர்ஜன் எண்ட மீனிண்ட காத்துப்பையில இருந்து எடுக்கிறது. உதிர்ந்து போன இடத்தப் புதுசாக் கீறி நிரப்பாம பெரும்பாலும் அப்பிடியே விடுவாங்க.

எங்கட நிலமை வேற எண்டு எனக்குத் தெரியும். வாகனம் மியூசியச் சாமானில்ல, சாமி ஏறவேணும், தோள்ல தூக்கவேணும், மழை படும், சனம் பாக்கவேணும். அதால நான் சொல்றது இதுதான். திருவிழாவுக்குப் புதுசா ஒரு குதிரை செய்யுங்க, மட்டக்களப்பில இருந்தோ யாழ்ப்பாணத்தில இருந்தோ நல்ல ஆசாரி ஒருத்தரக் கூப்பிட்டுச் செய்விக்கலாம், அதுக்கு என்ன வர்ணமும் அடியுங்க. பழசுக்கு ஓய்வு குடுங்க. அது ஏலாது, இதே குதிரைதான் வேணுமெண்டு சபை நிண்டா, கையே வைக்க முதல் பகல் வெளிச்சத்தில நாலு பக்கமும் கிட்டவும் தூரவும் போட்டோ எடுங்க, பக்கத்தில அடிமட்டம் ஒண்டு வச்சு எடுங்க, அளவு தெரியும். கீழ விழுந்த துண்டுகள கடதாசி உறையில போட்டு எந்த இடத்தில விழுந்ததெண்டு எழுதி வையுங்க. மண்ணெண்ணெய், தின்னர், சோடாத்தூள் ஒண்டும் வேண்டாம், காய்ஞ்ச மெல்லிய பிரஷ்ஷால தூசி தட்டினாப் போதும். உப்புக்காத்து அடிக்காத, கூரை ஒழுகாத அறையில, நிலத்தில படாம கட்டைக்கு மேல வையுங்க, கறையான் பார்க்கவேணும். தொல்பொருள் திணைக்கள ஆக்களிட்ட ஒருக்கா காட்டுங்க. இவ்வளவும் செய்தாப் பிறகும் பூசத்தான் வேணுமெண்டா பூசுங்க, சுரண்டாமப் பூசுங்க. கீழ கிடக்கிறத பிறகு ஒரு காலத்தில ஆரும் பார்க்கலாம். சுரண்டினா பார்க்க ஒண்டும் இருக்காது.

கேள்வி: ஒஸ்லோவில இருந்து தொர்ப்போவுக்கு எப்பிடிப் போறது? வயசான ஆள், கார் ஓடமாட்டன்.
— நிலாவெளி, ரெண்டாவது கடிதம்

பதில்: ஒஸ்லோவில இருந்து பேர்கன் போற ரயில்ல ஏறுங்க. கோல், ஓல் எண்டு ரெண்டு ஸ்ரேஷன் அடுத்தடுத்து வரும், தொர்ப்போ அந்த ரெண்டுக்கும் நடுவில. எதில இறங்கினாலும் அங்கால கொஞ்சத் தூரம்தான், மகனோ மருமகளோ முதலே வாகனம் ஒழுங்கு செய்து வைக்கச் சொல்லுங்க. கோடை காலத்திலதான் கோயில் திறக்கிறது, மாரியில போய்ப் பூட்டுக்கு முன்னால நிக்கவேண்டாம். உள்ளுக்குப் போனதும் கொஞ்ச நேரம் ஒண்டும் தெரியாது, கண் இருட்டுக்குப் பழகட்டும், அவசரப்படாம அண்ணாந்து பாருங்க. கழுத்து நோகும், கதிரை ஒண்டு கேட்டு வாங்கி இருங்க. வந்து எழுதுங்க.